கால்கள் மட்டும் பருத்து வலிக்கிறதா? லிப்பெடீமாவைச் சமாளிக்க முழுமையான வழிகாட்டி

ஜாக்கெட்டுக்கு மார்பு 34, சுடிதார் பேண்ட்டுக்கு இடுப்பு 46 என்று எழுதிவிட்டு, சந்தேகத்தோடு நாடாவை மறுபடியும் சுற்றிப் பார்க்கும் தையல்காரர்தான் பல பெண்களுக்கு இந்த நோயின் முதல் சாட்சி. இடுப்புக்கு மேலே ஒல்லி, கீழே இரண்டு கால்களும் தூண். பட்டினி கிடந்தால் முகம் வாடுகிறது, கழுத்தெலும்பு துருத்துகிறது, தொடை மட்டும் அசைந்து கொடுப்பதில்லை. குழந்தை மடியில் ஏறி மிதித்தால் உயிர் போகிறது. எங்கே இடித்தோம் என்றே தெரியாமல் தொடையில் நீலமாகக் கன்றியிருக்கிறது.

இதற்கு லிப்பெடீமா என்று பெயர். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புத் திசு இடுப்பு முதல் கணுக்கால் வரை, சிலருக்கு மேல்கைகளிலும், இரு பக்கமும் ஒரே சீராகப் பெருகி வலியெடுக்கும் நோய். ஏறக்குறைய பெண்களுக்கு மட்டுமே வருகிறது. பூப்பெய்தும் வயது, கர்ப்ப காலம், மாதவிடாய் நிற்கும் பருவம் என ஹார்மோன்கள் மாறும் நேரங்களில் தலைகாட்டும். முன்பே இருந்தால் கூடும். அம்மா, பெரியம்மா, பாட்டி என்று குடும்பத்தில் தொடர்வதும் சகஜம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1940-ல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி எண் தந்த 11-ஆவது பதிப்பு நடைமுறைக்கு வந்தது 2022-ல். நடுவில் எண்பது ஆண்டுகள். "வாயைக் கட்டு" என்ற ஒரே அறிவுரையோடு திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை பேரோ.

நான் தர்மபுரியில் பிசியோதெரபி செய்பவள். முழங்கால் வலி என்று வருகிறவர்களின் கால்களைத் தொட்டுப் பார்ப்பது என் தொழில். வலிக்குக் காரணம் மூட்டு மட்டும்தானா என்ற கேள்வி அங்கேதான் எழும். இந்த நோயை அடியோடு போக்கும் மாத்திரை இன்று இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வலியைக் குறைக்கலாம், நடையை மீட்கலாம், மேலும் பெருகாமல் தடுக்கப் பார்க்கலாம். எடை எந்திரத்தில் ஏறி இறங்கி அழுவதை விட்டுவிட்டு இந்த மூன்றையும் குறி வையுங்கள்.

படி 1: மெட்டியையும் கொலுசையும் பாருங்கள்

லிப்பெடீமா பாதத்தை விட்டுவிடும். அதனால் கல்யாணத்தன்று போட்ட மெட்டி பல வருடம் கழித்தும் அதே விரலில் அப்படியே பொருந்தியிருக்கும். கொலுசு கிடக்கும் இடத்துக்குச் சற்று மேலே மட்டும் சதை மடிப்பாக இறங்கி, கோடு போட்டு நிறுத்தியது மாதிரி நின்றுவிடும். கொலுசைக் கழற்றிவிட்டு முன்னால் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள்: மேலே பருமன், கீழே மெலிந்த பாதம், இரண்டுக்கும் நடுவில் ஒரு விளிம்பு. மெட்டியே இறுகிப்போய்ச் சோப்புப் போட்டுக் கழற்றும் நிலை வந்தால் பாதத்திலும் வீக்கம் என்று பொருள். அது வேறு நோயாக இருக்கலாம், அல்லது லிப்பெடீமா முற்றி நிணநீரும் (திசுக்களிலிருந்து தனிக் குழாய்கள் வழியே வடியும் நீர்) தேங்கத் தொடங்கியிருக்கலாம்.

அடுத்து, இரண்டாவது கால்விரலின் அடிப்பகுதியில், மேல்புறத் தோலை இரு விரல்களால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தோல் எளிதாக மடிந்து எழுந்தால் லிப்பெடீமாவோடு ஒத்துப்போகிறது. தடித்துப்போய்க் கிள்ளவே வராவிட்டால் நிணநீர் வீக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலைப் பத்து நொடிகளுக்குக் குறையாமல் அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. லிப்பெடீமாவின் தொடக்கத்தில் பெரும்பாலும் குழி விழாது, வலிதான் இருக்கும்.

தொடைச் சதையையும் வயிற்றுச் சதையையும் ஒரே அழுத்தத்தில் கிள்ளி ஒப்பிடுவது இன்னொரு சோதனை. வயிற்றில் ஒன்றுமில்லாமல் தொடையில் "ஆ" என்று வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தோலின் மேல் மெதுவாக விரலை ஓட்டினால் உள்ளே அரிசி மணி அளவில் சிறு முடிச்சுகள் தட்டுப்படலாம். மேல்தோல் வழவழப்பாக இருந்தால் முதல் நிலை, மேடு பள்ளமானால் இரண்டாம் நிலை, தொடையிலும் முழங்காலருகிலும் சதை பெரும் மடிப்புகளாகத் தொங்கினால் மூன்றாம் நிலை. ஆனால் நிலைக்கும் வலிக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. முதல் நிலையிலேயே படியேற முடியாமல் தவிப்பவர்கள் உண்டு.

படி 2: வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கால் வீக்கத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் சில உயிருக்கே ஆபத்தானவை.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, ஆடுதசை வலித்து, சூடாகவும் சிவந்தும் இருந்தால் ரத்தக் குழாயில் உறைகட்டி அடைத்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். காய்ச்சல், குளிர், தோலில் வேகமாகப் பரவும் சிவப்பு ஆகியவை தொற்றின் அறிகுறிகள். அதுவும் அன்றே பார்க்க வேண்டியது.

மற்றவற்றை நிதானமாகப் பிரிக்கலாம். யானைக்கால் பெரும்பாலும் ஒரு காலில் அதிகமாகவும் பாதத்தைச் சேர்த்தும் வரும். இதயம், சிறுநீரகம், கல்லீரல் பழுதால் வரும் வீக்கத்தில் பாதமும் வீங்கும், குழி விழும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் கால் தடிக்கும். அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். நரம்புச் சுருள் என்று நாம் சொல்லும் வெரிகோஸ் நோயில் மாலையில் கனம் கூடும், கணுக்கால் தோல் கருக்கும். லிப்பெடீமாவோடு சேர்ந்தும் அது இருக்கலாம் என்பதால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பயன்படும். அடிக்கடி கன்றிப்போகிறவர்கள் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சும்மா பருமனா என்ற கேள்விக்கும் விடை உண்டு: பருமனில் வயிறும் முதுகும் சேர்ந்து பருக்கும், கிள்ளினால் வலிக்காது, எடை குறைந்தால் கால்களும் குறையும்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கென்று ஒன்று இருக்கிறது: ஃபுளோரைடு. பல கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் அது லிட்டருக்கு அனுமதிக்கப்பட்ட 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பெண்ணுக்குப் பல்லில் பழுப்புக் கறையும் முதுகு, இடுப்பு, முழங்கால் இறுக்கமும் இருந்தால், அந்த வலியில் ஃபுளோரோசிஸுக்கும் பங்கிருக்கலாம். சதையைத் தொட்டால் வலியா, மூட்டை மடக்கினால் வலியா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் மருத்துவரின் வேலை பாதி குறையும்.

லிப்பெடீமாவை உறுதி செய்யத் தனி ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. கண்ணும் கையும் கேள்விகளும்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலில் பொது மருத்துவப் பிரிவுக்குச் செல்லுங்கள். வெளிநோயாளிகள் கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். "கால் வலி டாக்டர்" என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு திரும்புவீர்கள். எப்போது தொடங்கியது, குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது, பாதம் வீங்குகிறதா, உணவைக் குறைத்தபோது எங்கே இளைத்தது, எங்கே இளைக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "இது லிப்பெடீமாவாக இருக்குமா?" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. எல்லா மருத்துவர்களும் இதைப் படித்து வந்தவர்கள் அல்லர். பெயரைக் கேட்டதும் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறவர் நல்ல மருத்துவர்.

படி 3: எடைக்குப் பதில் நாடா

மாதம் ஒருமுறை, காலையில் எழுந்ததும் தையல் நாடாவால் அளந்து எழுதுங்கள். கணுக்காலுக்குச் சற்று மேல், ஆடுதசையின் பருத்த இடம், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே தொடை, இடுப்பு, வயிறு. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அளக்க வேண்டும். தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று முதல் முறையே குறித்துவிட்டால் குழப்பம் வராது. பக்கத்திலேயே வலிக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு மதிப்பெண், சலிக்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பது, புதிதாகக் கன்றிய இடங்கள்.

வயிற்றுச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்த அபாயங்களைச் சொல்வது அந்த அளவு. லிப்பெடீமா உள்ளவருக்கு உயரம், எடையை வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கு தப்புப் பாடம் சொல்லும். காலின் எடை முழுவதும் அதில் ஏறிக்கொள்கிறது.

படி 4: கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்

அன்றாடச் சிகிச்சையில் அதிக நிம்மதி தருவதும், அதிகம் பேர் பாதியில் கைவிடுவதும் இதுதான். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

காலை அழுத்திப் பிடிக்கும் இந்த இறுக்கமான காலுறை கொழுப்பைக் கரைக்காது. காலின் கனத்தையும் வலியையும் குறைக்கும், நடக்கும்போது சதை ஆடி இழுப்பதைத் தடுக்கும், நீர் தேங்கவிடாது. அணிவதற்கு முன் மருத்துவரிடம் காலின் தமனி ஓட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தமனி அடைப்பு, கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு, சர்க்கரையால் உணர்ச்சி மரத்த பாதம் உள்ளவர்கள் தாங்களாகவே வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது.

இரண்டு வகை உண்டு. மருந்துக் கடையிலும் சர்ஜிக்கல் கடையிலும் வெரிகோஸுக்கென்று விற்பது வட்டப் பின்னல். மெல்லியது, மலிவு, ஆனால் சதை மடிப்பில் சுருண்டு கயிறு கட்டியது போல் இறுக்கும். உங்கள் காலை அங்குலம் அங்குலமாக அளந்து செய்யும் தட்டைப் பின்னல் தடிமனானது, தையல் தெரியும், சுருளாது. மடிப்பு உள்ள கால்களுக்கு அதுதான் பொருந்தும். விலை பல மடங்கு. சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். முடியாதவர்கள் இறுக்கமான சைக்கிள் ஷார்ட்ஸ் அல்லது நல்ல அழுத்தமுள்ள லெக்கிங்ஸில் தொடங்கலாம். ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். பாதம் வீங்காதவர்களுக்குக் கணுக்கால்வரை இருந்தாலே போதும்; பாதத்தில் வீக்கம் தொடங்கினால் பாதத்தையும் மூடும் வகை வேண்டும்.

அழுத்த அளவு வகுப்புகளாகச் சொல்லப்படும். ஜெர்மன் தர அளவில் முதல் வகுப்பு 18 முதல் 21, இரண்டாம் வகுப்பு 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம். இறுக்கம் கூடினால் பலன் கூடும் என்று நினைத்து மூன்றாம் வகுப்பை வாங்கி, போடவும் முடியாமல் பீரோவில் பூட்டி வைப்பதைவிட, தினமும் போடக்கூடிய முதல் வகுப்பு நல்லது.

காலையில் எழுந்து காபி வைப்பதற்கு முன்பே மாட்டுங்கள். அப்போதுதான் கால் மெலிந்திருக்கும். குளித்த ஈரம் முழுதாகக் காய வேண்டும். கொஞ்சம் பவுடர் தூவினால் வழுக்கும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு உள்ளங்கையால் தேய்த்து ஏற்றுங்கள், மேல் விளிம்பைப் பிடித்து இழுத்தால் கிழியும். மோதிரமும் மெட்டியும் நூலை இழுக்கும். மெட்டியைக் கழற்ற வீட்டில் சம்மதிக்காவிட்டால் அதன் மேல் மெல்லிய பருத்திச் சாக்ஸ் போட்டுவிட்டு ஏற்றலாம். இரவில் கழற்றிவிட வேண்டும். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ வலி கூடினாலோ உடனே கழற்றுங்கள். தினமும் மிதமான சோப்பில் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து நிழலில் உலர்த்துங்கள். தினம் அணிந்தால் ஆறு மாதத்தில் இறுக்கம் போய்விடும்.

ஓசூர், தளி பக்கம் இருப்பவர்களுக்குக் குளிர்ந்த காற்று துணை. ஏப்ரல், மே மாதத்தில் தர்மபுரியிலும் அரூரிலும் இதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பது தண்டனைதான், மறுக்கவில்லை. அந்த மாதங்களில் காலை ஆறு முதல் பதினொன்று வரை, பிறகு மாலையில் என்று பிரித்துப் போடுங்கள். மேலேயே தண்ணீர் தெளித்துக்கொண்டால் குளிர்ச்சியாக இருக்கும். வெயிலைக் காரணம் காட்டி மூன்று மாதம் மூட்டை கட்டி வைத்துவிடாதீர்கள். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டி இடுப்பில் பள்ளம் விழ விடுவதும் வேண்டாம். அகலமான எலாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: அசையுங்கள், முடிந்தால் தண்ணீரில்

மார்பளவு தண்ணீரில் நின்றாலே பாதத்தின் மேல் 70 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் அழுத்தம் விழும். எந்த ஸ்டாக்கிங்கும் இவ்வளவு தராது, அதுவும் இதமாக. உடல் எடையும் மூட்டில் இறங்காது. ஆகவே தண்ணீரில் நடப்பது இந்த நோய்க்கு அமைந்த மிக நல்ல பயிற்சி. சிக்கல், பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும் நீச்சல்குளம் நம் பக்கம் எளிதில் கிடைப்பதில்லை. படிகள் உள்ள கிணறும் நீந்தத் தெரிந்த துணையும் வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள். கிருஷ்ணகிரி அணையிலோ ஒகேனக்கல் ஆற்றிலோ இறங்கிப் பயிற்சி செய்யலாமா என்று கேட்காதீர்கள். நீரோட்டம் யாருக்கும் சொந்தக்காரர் கிடையாது.

தண்ணீர் கிடைக்காதவர்களுக்கு நடை, சைக்கிள். ஸ்டாக்கிங்கோடு தொடங்கி, பத்து நிமிடம் தாங்கினால் பத்து. வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் காலையிலும் வலி நின்றால் அளவு மீறிவிட்டீர்கள். குதிப்பது, கயிறு தாண்டுவது, வீடியோவைப் பார்த்துத் தாவி ஆடுவது எல்லாம் முழங்காலைப் பதம் பார்க்கும். கொழுப்பு தொடையின் உட்புறம் சேரும்போது முழங்கால்கள் உள்நோக்கி வளைந்து, பாதம் தட்டையாகும். அதனால் தொடை முன்தசைக்கு வலு முக்கியம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி, இறக்குங்கள். பத்துப் பத்தாக இரு வேளை. சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். ஆடுதசை சுருங்கும்போதெல்லாம் ரத்தமும் நிணநீரும் மேலே ஏறுகின்றன. தேய்ந்த ரப்பர் செருப்பை விட்டுவிட்டு, உள்ளங்காலுக்கு மேடு வைத்த செருப்பு வாங்குங்கள்.

ஓசூர் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்கள், துணிக்கடைகளில் நிற்கும் பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நின்றே வேலை செய்கிறவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொல்லியது. தமிழ்நாடு 2021-ல் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. மருத்துவர் சீட்டோடு கேட்டால் சூப்பர்வைசர் மறுப்பது கடினம். நிற்கும் நேரத்திலும் அரை மணிக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். யார் கண்ணிலும் படாது.

பிசியோதெரபிக்கு வர பஸ் மாறி மாறி அலைய முடியாதவர்களுக்கு, வீட்டுக்கே வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அது தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஊர்ச் சுகாதாரத் தன்னார்வலரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைப் பதியுங்கள்.

மசாஜ்: ஒகேனக்கல் பாணி வேண்டாம்

ஒகேனக்கல்லுக்குப் போனால் எண்ணெய் மசாஜ் செய்துகொள்ளாமல் வருகிறவர்கள் குறைவு. தட்டி, முறுக்கி, அழுத்திப் பிழியும் அந்தக் கை சோர்ந்த தசைக்கு நல்லதுதான். லிப்பெடீமா உள்ள தொடையில் அதே கை விழுந்தால் மறுநாள் முழுக்கக் கன்றிப்போகும். "கொழுப்பை உடைத்துவிடுகிறேன்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கையால் கொழுப்பு உடையாது. சின்ன ரத்தக் குழாய்கள்தான் உடையும்.

இதற்கு ஏற்றது நிணநீர் வடிகால் மசாஜ். தோலை மட்டும் லேசாக இழுத்து விடும் அளவு அழுத்தம், எண்ணெய் தேவையில்லை. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு வீட்டில் செய்யலாம். படுத்துக்கொண்டு வயிறு எழுந்து தாழும்படி ஐந்தாறு ஆழ்ந்த மூச்சு. பிறகு தொடை இடுக்கில் வட்டமாக மெதுவாக நீவுதல். அதன்பின் தொடையின் மேல்பகுதியிலிருந்து இடுக்கை நோக்கி, பின்பு தொடையின் கீழ்ப்பகுதி, பின்பு முழங்கால், கடைசியில் ஆடுதசை. எப்போதும் மேலே இருப்பதை முதலில் காலி செய்த பிறகே கீழே இருப்பதை மேலே தள்ள வேண்டும். பதினைந்து நிமிடம் போதும், முடிந்ததும் ஸ்டாக்கிங். காலில் தொற்றோ ரத்த உறைகட்டியோ இதயக் கோளாறோ இருக்கும்போது செய்யக் கூடாது.

சாப்பாடு

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று கொள்ளுக் கஞ்சியை மட்டுமே குடித்துக் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கொள்ளு நல்ல புரதம், கடைசலாக வைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் லிப்பெடீமாக் கொழுப்பு கொள்ளுக்கும் கரையாது, பட்டினிக்கும் கரையாது. பட்டினியில் போவது மார்பும் முகமும் தசையும்தான். தசை போனால் நடை போகும்.

அப்படியென்றால் சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. லிப்பெடீமாவோடு சாதாரணப் பருமனும் சேர்ந்துகொண்டால் வலியும் நடையும் இன்னும் மோசமாகும். அந்தப் பகுதியைச் சாப்பாட்டால் குறைக்கலாம். மாவுச்சத்தைக் குறைத்த உணவில் எடை குறைவதோடு வலியும் தணிவதாகச் சிறு ஆய்வுகள் சொல்கின்றன. எல்லோருக்கும் ஒரே தட்டு என்று விதிக்கும் அளவுக்குச் சான்று இல்லை.

நம் தட்டிலிருந்தே தொடங்கலாம். ராகிக் களியில் நார்ச்சத்தும், 100 கிராம் கேழ்வரகுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. களி என்பதாலேயே அளவில்லாமல் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை, அதுவும் மாவுச்சத்துதான்; போதாக்குறைக்கு அரிசி நொய்யும் சேர்கிறது. மூன்று உருண்டை போகும் இடத்தில் ஒன்றாக்கி, மீதி இடத்தைக் கீரைக் கடைசலும் கொள்ளும் முட்டையும் மீனும் பிடித்துக்கொள்ளட்டும். இரவில் வெள்ளைச் சோற்றுக்குப் பதில் சாமை, அதுவும் ஒரு கரண்டி. ஒரு நாளில் குடிக்கும் டீக்களில் உள்ள சர்க்கரையைக் கூட்டிப் பார்த்தால் உங்களுக்கே திக்கென்றிருக்கும்; முதலில் அதை நிறுத்துங்கள். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழமே தொடாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. சாப்பாட்டுக்குப் பின் நாலு துண்டு, பழமாக. மாம்பழக் கூழும் ஜூஸும் வேண்டாம்.

உப்பைக் குறைப்பது நல்லது, ஆனால் உப்பால் வந்த நோயில்லை இது. வீக்கம் என்று பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

தோலும் பாதமும்

நீண்ட நாள் ஆனால் நிணநீரும் தேங்கத் தொடங்கலாம். அப்போது ஒரு சிறு வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்தாலும் தொற்று கால் முழுக்கப் பரவிவிடும். பூத்தோட்டத்துக்கும் தக்காளித் தோட்டத்துக்கும் வெறுங்காலோடு போகாதீர்கள். கால் கழுவியதும் விரலிடுக்கை ஒற்றித் துடையுங்கள். சேற்றுப்புண் வந்தால் களிம்புக்குத் தயங்க வேண்டாம். இரவில் தேங்காய் எண்ணெய் தடவுவது போதுமான பராமரிப்பு. தொடை உரசிப் புண்ணாகிறவர்கள் புடவைக்குள்ளும் நீளமான ஷார்ட்ஸ் அணியுங்கள்.

பணத்தைக் கொட்டாதீர்கள்

நீர் பிரியும் மாத்திரை லிப்பெடீமாவுக்குப் பயன்படாது. வேறு காரணத்துக்காக மருத்துவர் தந்திருந்தால் மட்டும் தொடருங்கள். இடுப்பில் கட்டும் அதிர்வு பெல்ட், கொழுப்பு கரைக்கும் தைலம், மூலிகைப் பொடி டப்பா எல்லாம் விற்பவருக்கு லாபம். பருமனுக்காக இப்போது பேசப்படும் செமாக்ளூடைடு போன்ற ஊசிகள் கூடவே பருமனோ சர்க்கரையோ உள்ளவர்களுக்கு மருத்துவர் பார்வையில் உதவலாம். அவை லிப்பெடீமாவுக்கென்று அங்கீகாரம் பெற்றவை அல்ல. இரைப்பை அறுவை சிகிச்சையும் அப்படித்தான்: எடை இறங்கும், காலின் வடிவம் பெரிதாக மாறாது.

கடைசிப் படி: லைப்போசக்‌ஷன்

நோய்பட்ட கொழுப்பை உடலிலிருந்து வெளியே எடுக்க இன்று இருக்கும் ஒரே வழி இது. மரத்துப்போகும் மருந்து கலந்த நீரைத் தோலடியில் நிறையச் செலுத்தி, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சுவார்கள். நிணநீர்க் குழாய்களைக் காப்பாற்றுவதற்காக நீர்ப்பீச்சு முறை, அதிர்வு முறை என்று பயன்படுத்துகிறார்கள். ஒரே தடவையில் முடியாது. இரண்டு, மூன்று அல்லது அதற்கும் மேற்பட்ட அமர்வுகள் ஆகும். ரத்தம் குறைதல், தொற்று, உறைகட்டி, கொழுப்புத் துகள் ரத்தத்தில் கலத்தல் என ஆபத்துகள் உண்டு. வலியும் நடையும் நன்றாக மாறியதாகச் சொல்லும் பெண்கள் பலர் உண்டு. முடிந்த பிறகும் ஸ்டாக்கிங்கைத் தொடர வேண்டியவர்களும் உண்டு.

நாடுகளே இதில் ஒத்துப்போகவில்லை. சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல், ஆய்வின் பகுதியாக மட்டுமே செய்யலாம் என்றது. ஜெர்மனி 2020 முதல் மூன்றாம் நிலைக்கு மட்டும் காப்பீட்டில் தந்துவந்து, 2025 ஜூலையில் எல்லா நிலைகளுக்கும் நீட்டிக்க முடிவெடுத்தது. அங்கும் முதலில் ஆறு மாதம் ஸ்டாக்கிங், உடற்பயிற்சி போன்ற சிகிச்சை செய்து பலன் போதவில்லை என்றால்தான். நாமும் அந்த ஆறு மாத விதியைக் கடைப்பிடிப்பது புத்திசாலித்தனம்.

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர் என்பதால், அழகு நிலையமும் மருத்துவமனையும் கலந்த விளம்பரங்கள் நம் கைப்பேசியில் நிறையவே விழும். பிளாஸ்டிக் சர்ஜரியில் பட்டம் பெற்றவரா, லிப்பெடீமாக் கால்களை இதற்கு முன் செய்திருக்கிறாரா, ஒரு அமர்வில் எத்தனை லிட்டர் எடுப்பார், தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். மொத்த அமர்வுகளுக்கும் சேர்த்து எழுத்தில் செலவுக் கணக்கு வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனங்கள் இதை அழகுச் சிகிச்சை என்று தள்ளுவது வழக்கம். மருத்துவர் தரும் நோய்க் குறிப்போடு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெற்ற பிறகே தேதி வாங்குங்கள். நகையை அடகு வைக்கும் முடிவு அதற்குப் பிறகு.

வீட்டில் உள்ளவர்களுக்கு

மாமியாரும் நாத்தனாரும் சொல்லும் "உட்கார்ந்தே இருந்தா கால் பருக்காம என்ன செய்யும்?" என்ற வார்த்தை ஸ்டாக்கிங்கைவிட இறுக்கும். மறைத்து மறைத்து வாழ்ந்து, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போகாமல் முடங்கும் பெண்கள் உண்டு. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் கிடந்தால் அதற்கும் மருத்துவம் தேவை. 104 எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும்.

கருத்தடை மாத்திரையைத் தொடங்கும் முன்பும், கர்ப்பம் உறுதியானதும், மருத்துவரிடம் லிப்பெடீமா இருப்பதைச் சொல்லிவிடுங்கள். இந்தக் கட்டங்களில் கால் பெருகலாம், ரத்தம் உறையும் வாய்ப்பும் பொதுவாகவே கூடும். உங்களுக்கு இருந்தால் மகளுக்கு வயது வந்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறை அவள் காலையும் நாடாவால் அளந்து வையுங்கள். பள்ளியில் விளையாட்டிலிருந்து நிறுத்த வேண்டாம், நீச்சல் கிடைத்தால் சேர்த்துவிடுங்கள். தொட்டால் வலிக்கிறது என்று அவள் சொன்னால், உணவைக் குறைக்கச் சொல்வதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், உங்கள் அளவுக் குறிப்புத் தாளையும் கையோடு எடுத்துக்கொண்டு.